வாசிகசாலையிலை விண்டோஸ் 7: வைச்சிருக்கிறதா, கழட்டுறதா?

மல்லாவிப்பெடியன் (இரவு 8.40)
எல்லாருக்கும் வணக்கம். எங்கடை வாசிகசாலையிலை 9 கொம்பியூட்டர். எட்டிலை விண்டோஸ் 7, எல்லாம் பழைய 32 பிட் வகை. வெளிநாட்டிலை இருக்கிற ஊர்ச்சனம் சேர்த்து அனுப்பினது. ஒண்டிலை இன்னும் எக்ஸ்பி ஓடுது. கோயில் மலர், செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகம் எண்டு பாமினி எழுத்துருவிலை அடிச்ச பேஜ்மேக்கர் பைல் முழுக்க அதுக்குள்ளைதான். படிக்கிற பொடியளுக்கு "மாணவர்" எண்டொரு கணக்கு. அட்மின் பஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். போன கிழமை ஓ.எல் படிக்கிற ஒருத்தன் மாணவர் கணக்கிலை இருந்தபடியே எங்கையோ இறக்கின ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டு, அட்மின் பஸ்வேர்டை மாத்திப்போட்டு எனக்கு முன்னாலை நிண்டு சிரிக்கிறான். ஏசுறதோ தட்டிக்குடுக்கிறதோ எண்டு தெரியேல்லை. நிர்வாகத்திலை இப்ப ரெண்டு கட்சி. ஒரு பகுதி எல்லாத்தையும் கழட்டு எண்டுது, மற்றப் பகுதி காசுக்கு எங்கை போறது எண்டுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?

பழசுராசா (8.58)
தம்பி, பயப்பிடாதை. உதுக்குப் பேர் உரிமை உயர்த்தல். குறைஞ்ச அதிகாரம் உள்ள கணக்கிலை இருந்து அட்மினுக்கு ஏறுறது. அதாவது ஏற்கெனவே வீட்டுக்குள்ளை வந்து பாயிலை இருக்கிறவன் அலுமாரியைத் திறக்கிற கதை. படலைக்கு வெளியிலை நிக்கிறவனுக்கு அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை எண்ட பணயவைரஸ் உலகத்தை ஆட்டினது வேறை வகை. அது வலையமைப்பாலை, ஒருத்தரும் கிளிக் பண்ணாமலே உள்ளை வந்தது. அதுக்குத்தான் மைக்ரோசொப்ட் காலாவதியான எக்ஸ்பிக்கே திரும்பவும் திருத்தம் விட்டது. பொடியன் செய்தது குழப்படி. ரெண்டு கிழமை உள்ளை விடாதை, சரியாப் போகும்.

துருசடி (9.20)
பழசுராசா அண்ணை, உங்கடை உதாரணத்திலைதான் பிழை. வீட்டு அலுமாரி எண்டால் சரி. இது வாசிகசாலை. பாயிலை இருக்கிறவை முழுப்பேரும் வெளி ஆக்கள்தானே? பகிர்ந்து பாவிக்கிற மெசினிலை "ஏற்கெனவே உள்ளை இருக்கிறவன்" எண்டது விதிவிலக்கில்லை, நாளாந்தம்.

நான் இரணைமடுக் குளத்துக் கீழ் ஆள், அப்பிடியே சொல்லுறன். வயலுக்கு வாற வாய்க்காலின்ரை மடையைத் திறக்க கமக்காரனுக்கு உரிமை இருக்கு. குளத்துத் தண்ணியை விடுற துருசிலை கை வைக்க இல்லை. மடையடியிலை நிக்கிறவன் அங்கையிருந்தே துருசைத் திறக்க வழி கண்டுபிடிச்சால் வெள்ளம் அவன்ரை வயலோடை நிக்குமே? விண்டோசின்ரை அடிமையமான கேர்னல்தான் அந்தத் துருசு. அதைப் பிடிச்சவனுக்கு வைரஸ்கார்ட்டை நிப்பாட்டலாம், அடுத்த கணக்கின்ரை பைலைப் பாக்கலாம், ஆர் வந்து போனதெண்ட பதிவையும் அழிக்கலாம்.

அதோடை, படலைக்கு வெளியிலை நிக்கிறவனுக்குப் பிரயோசனம் இல்லை எண்டதும் பிழை. 2019 மார்ச்சிலை வெளிவந்த கதை இது. குரோம் வலைப்பக்கங்களை ஒரு கூண்டுக்குள்ளை வைச்சுத்தான் திறக்கிறது. குரோமிலை ஒரு ஓட்டை கூண்டு வரைக்கும் கொண்டுவந்துது. கூண்டை உடைக்க விண்டோஸ் கேர்னலிலை வின்32கே எண்ட பகுதியிலை இருந்த உரிமை உயர்த்தல் ஓட்டையைப் பாவிச்சிருக்கினம். கூகுள் கண்ட தாக்குதல் எல்லாம் எதுக்கு நடந்தது தெரியுமோ? விண்டோஸ் 7, 32 பிட். தம்பி எழுதின அதே சாமான்.

பழசுராசா (9.41)
துருசு, வாய்க்கால் எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் புதுசு எண்டால் ஓட்டை இல்லையோ? 2021 ஜூலையிலை வந்த ஹைவ்நைட்மெயார் எண்ட ஓட்டை, சாதாரணக் கணக்கிலை இருந்தே பஸ்வேர்ட் கிடக்கிற பைலை வாசிக்க விட்டது. அது விண்டோஸ் 10இன்ரை 1809 பதிப்பிலை இருந்துதான். விண்டோஸ் 7க்கு அந்த வருத்தமே வரேல்லை. பழசுக்குப் பழைய ஓட்டை, புதுசுக்குப் புது ஓட்டை. பிறகேன் காசைக் கொட்டுவான்?

துருசடி (9.55)
ஓம், வரேல்லை. ஆனால் 10க்கு அடுத்த மாதமே திருத்தம் வந்துது. விண்டோஸ் 7க்குப் பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14ஓடை முடிஞ்சுது. காசு கட்டின நிறுவனங்களுக்குக் குடுத்த நீட்டிப்பும் 2023 ஜனவரியோடை சரி. ஓட்டை இருக்கிறதில்லை அண்ணை பிரச்சினை, அடைபடாமல் கிடக்கிறதுதான்.

இன்னொண்டு. புது விண்டோசுக்கு ஒரு திருத்தம் வந்தால், திருத்தத்துக்கு முந்தினதையும் பிந்தினதையும் பக்கத்திலை வைச்சு என்ன மாறியிருக்கெண்டு பாக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம். அதே பழைய நிரல் 7க்குள்ளையும் கிடந்தால், அவைக்கு வழி தெரிஞ்சுபோச்சு. 7க்கு அடைக்க ஆளில்லை.

நெடுங்கேணி அக்கா (10.07)
நான் கொமினிகேசன் வைச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஸ்கான். உங்கள் ரெண்டுபேருக்கும் ஒண்டு சொல்லுறன். கடைக்காரர் போட்டுத்தந்த விண்டோஸ் முக்கால்வாசியும் களவுப் பிரதி. அப்டேட்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் தருவினம், விட்டால் கறுப்புத் திரை வருமெண்டு. அப்ப 2020 வரைக்கும் வந்த திருத்தமாவது உள்ளை இருக்கோ? தம்பி, ரன்னிலை வின்வேர் எண்டு ஆங்கிலத்திலை அடிச்சுப் பாரும். 7601 எண்டால் சேர்விஸ் பாக் 1 எண்ட திருத்தப் பொதி இருக்கு. 7600 எண்டு காட்டினால் அதின்ரை ஆதரவு 2013 ஏப்ரலோடையே முடிஞ்சுது. நீங்கள் 2020ஐப் பற்றி அடிபட்டுக்கொண்டிருக்கிறியள்.

களவுப் பிரதியை உண்மையானது மாதிரிக் காட்ட "ஆக்டிவேட்டர்" எண்டு ஓடவிடுற சாமானும் அட்மின் உரிமையிலைதான் ஓடுது. துருசுச் சாவியை நாங்களே குடுத்துப்போட்டு நிக்கிறம்.

வித்தியாபதி மாஸ்ரர் (10.30)
ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல். பழைய வழுக்கள் எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதற்கு 2010 ஜனவரியில் வெளியான ஒன்றே போதும். 16 பிட் டொஸ் நிரல்களை ஓட்டுவதற்காக விண்டோசில் வைத்த பகுதியில் இருந்த அந்த வழு, 1993இல் வந்த முதல் விண்டோஸ் என்டியிலிருந்து 17 ஆண்டுகள் கிடந்தது. 64 பிட் விண்டோசில் அந்தப் பகுதியே கிடையாது, ஆகவே அவை தப்பின. தம்பியின் கணினிகள் 32 பிட் என்பதைக் கவனிக்கவும்.

பெரிய இடங்களும் விலக்கல்ல. 2023 ஓகஸ்டில் எமது அரசாங்க மின்னஞ்சல்கள் பணயத்தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போயிற்று. ஓடிக்கொண்டிருந்தது அதே ஆண்டு ஏப்ரலில் ஆதரவு முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மைக்ரோசொப்ட் மின்னஞ்சல் மென்பொருள்.

பழசுராசா (10.44)
மாஸ்ரர், கொழும்பிலை போனது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். வாசிகசாலைக்கு ஆர் அடிக்கப்போறான்? ஒரு வயரைக் கழட்டி விட்டால் முடிஞ்சுது. இன்ரநெட் இல்லாத மெசினுக்கு எங்கையிருந்து ஓட்டை?

துருசடி (10.52)
பென்ட்ரைவிலை இருந்து. 2010இலை பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் எண்ட வைரஸ் ஈரானின்ரை அணு நிலையத்துக்குள்ளை போனது பென்ட்ரைவாலை எண்டுதான் சொல்லுகினம். அதுக்குள்ளை தைச்சு வைச்சிருந்த ஓட்டையளிலை ரெண்டு உரிமை உயர்த்தல். இன்னொண்டு அச்சு வேலையளை வரிசையிலை விடுற பிரின்ட் ஸ்பூலரிலை. அதே ஸ்பூலர் 2021இலை பிரின்ட்நைட்மெயார் எண்டு திரும்பவும் வந்துது. அக்கா, உங்கடை கடையிலை ஒரு நாளைக்கு எத்தினை பென்ட்ரைவ் ஏறி இறங்கும்?

நெடுங்கேணி அக்கா (10.55)
எண்ணுறதில்லை. எண்ணினால் நித்திரை வராது.

பழசுராசா (11.03)
சரி, ஸ்டக்ஸ்நெட் மட்டும் வந்திட்டியள். நான் கதைக்கிறது காசைப் பற்றி. விண்டோஸ் 11 உந்த மெசினுகளிலை ஏறாது. 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சில்லு எண்டு கேக்குது. 10இன்ரை ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஓடை போட்டுது. 2022இலை டொலர் ஏறினாப்பிறகு ஒரு லாப்டொப் வாங்க ஊர் எத்தினை வீட்டிலை சேர்க்கவேணும் எண்டு தெரியுமோ? பாதுகாப்புப் பாத்துப் பாத்து எட்டு மெசினையும் கழட்டினால், பொடியள் படிக்க என்ன செய்யிறது? அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ.

துருசடி (11.20)
உந்தக் கேள்வி நியாயம், அதிலை உங்களோடை நிக்கிறன். கழட்டச்சொல்லி நான் சொல்லேல்லை. விண்டோசுக்குப் பதிலாய்ச் சும்மா கிடைக்கிற லினக்ஸ் போடுங்கோ எண்டுறன். 32 பிட் எண்டு எழுதினது விண்டோசைத்தானே? புரோசசர் 64 பிட்டாய் இருக்கவும் கூடும், பாருங்கோ. எண்டால் மின்ட் எண்ட லினக்ஸின்ரை எக்ஸ்எஃப்சிஇ எண்ட பாரம் குறைஞ்ச பதிப்பு 2 ஜிபியிலையும் அரக்கி அரக்கி ஓடும். இல்லையெண்டால் டெபியன் 12 எண்ட இன்னொரு லினக்ஸிலை 32 பிட்டும் இருக்கு.

பழசுராசா (11.26)
ஆ, லினக்ஸ்! 2022 ஜனவரியிலை பிடிபட்ட ப்வன்கிட் எண்ட உரிமை உயர்த்தல் ஓட்டை அதிலை 2009இலை இருந்து கிடந்துது. அட்மின் உரிமை குடுக்கிற சுடோ எண்ட நிரலிலை இருந்த ஓட்டை 2011இலை இருந்து. டேர்ட்டி கவ் எண்ட ஓட்டை 2007இலை இருந்து. உங்கடை துருசிலையும் கறையான்.

துருசடி (11.31)
கறையான்தான். ஆனால் கண்ட உடனை மரம் மாத்தினவை, அதுவும் சும்மா. 2014இலை போட்ட உபுண்டு எண்ட லினக்ஸை அப்பிடியே விட்டால் அதுவும் உங்கடை எக்ஸ்பி மாதிரித்தான், நான் ஒளிக்கேல்லை. லினக்ஸ் எண்ட பேருக்காகச் சொல்லேல்லை, திருத்தம் வருகுது எண்டதுக்காகச் சொல்லுறன்.

நெடுங்கேணி அக்கா (11.38)
தம்பி, ஒண்டு கேக்க மறந்திட்டன். சனத்தின்ரை காணிப் பத்திரம், அடையாள அட்டை உங்கை ஸ்கான் பண்ணுறனீங்களோ? எந்த மெசினிலை கிடக்கு?

மல்லாவிப்பெடியன் (11.44)
ஓம் அக்கா. வாசலடி மெசினிலை. பொடியன் அட்மின் எடுத்த அதே மெசின்.

நெடுங்கேணி அக்கா (11.47)
ஐயோ. லினக்ஸ், விண்டோஸ் பிறகு பாப்பம். முதல் வேலை, அதை வெளியாலை எடுத்து ஒரு டிஸ்கிலை போட்டுப் பூட்டும். இடம்பெயர்ந்து உறுதியைத் துலைச்சுப்போட்டு கச்சேரியடியிலை எத்தினை வருசம் அலைஞ்ச சனம். அந்த ஸ்கான் கொப்பியைத் திரும்ப ஒருத்தன்ரை கையிலை குடுக்கிறதே?

பழசுராசா (11.52)
அதுக்கு நானும் ஓம். பத்திரம் கிடக்கிற மெசினிலை மாணவர் கணக்கே இருக்கக்கூடாது. அந்த ஒண்டுக்கு மட்டும் புதுசு வாங்கச் சொல்லி நிர்வாகத்துக்கு நானே கடிதம் எழுதித் தாறன்.

மல்லாவிப்பெடியன் (மறுநாள், மாலை 5.15)
பைல் எல்லாம் எடுத்தாச்சு. வின்வேர் அடிச்சுப் பாத்தன். எட்டிலை ஆறு 7600. ரெண்டுதான் 7601. ஞாயிற்றுக்கிழமை ஒண்டிலை மின்ட் போட்டுப் பாக்கப்போறன்.

பழசுராசா (5.32)
7600ஓ? சரி, அந்த ஆறையும் பற்றி நான் இனி வாய் திறக்கேல்லை. எக்ஸ்பியிலை மட்டும் கை வைச்சிடாதை. எங்கடை ஐயாவின்ரை கல்வெட்டு அதுக்குள்ளைதான் கிடக்கு.