கொரியப் பொடியன்கள் சின்னக் கம்பெனி வேலையில் ஏன் நிற்பதில்லை? உங்கள் கம்பெனியில் எப்படி?

கிம்ஹே_மட்டக்களப்பான்
கொரியாவின் தெற்கே கிம்ஹேயில் கார் உதிரிப்பாகம் கடைகிற இடம். பதினெட்டுப் பேர், ஐம்பது வயதுக்குக் குறைந்த கொரியர் ஒருவரும் இல்லை. போன மாதம் 26 வயதுப் பொடியன் ஒருவன் வந்தான். பஸ் மணிக்கு ஒன்றுதான் என்பதால் சாஜங்னிம், அதாவது முதலாளி, தானே காரில் ஏற்றி வந்தார். நாலாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளைக் காணோம். லேத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துச் சோடி ஒழுங்காக இருக்கிறது, கையுறை மடித்து உள்ளே. காகாவோடாக் மெசேஜில் ஒரு வரி: மன்னிக்கவும், எனக்குச் சரிவராது. சாஜங்னிம் அதைக் காட்டி, "நான் ஏதும் பிழையாகக் கதைத்தேனா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

டேகு_லேப்
சின்னக் கம்பெனிச் சம்பளம் பெரிய கம்பெனியில் கிடைப்பதில் கிட்டத்தட்டப் பாதிதான், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் லேப் தோழிக்குத் தெற்கே குமி நகரில் நல்ல சம்பளத்துக்கே வேலை கிடைத்தது. போகவில்லை. போனில் மேப்பைத் திறந்து, சியோலுக்குத் தெற்கே இருக்கிற கிஹுங் மேல் விரலை வைத்தாள். "இன்ஜினியருக்கு இதுதான் எல்லை. ஆபீஸ் ஆட்களுக்கு சியோலுக்கு இன்னும் கிட்ட, பாங்க்யோ." அதற்குத் தெற்கே போனால் சிநேகிதமும் இல்லை, மாறிப்போக வேறு கம்பெனியும் இல்லையாம். இப்போது சியோலில், கட்டிலுக்கே இடம் போதாத கோஷிவொன் என்கிற சின்ன வாடகை அறை ஒன்றில் இரண்டாவது வருடமாகப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

பழைய_ஈ9
லேத்தில் நிற்கிறவனுக்கு பாங்க்யோ எதற்கு? படித்தவர்கள் கதை வேறு. எங்களிடம் இருந்த ஒரே பொடியன் கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிலாக வேலைக்கு வந்தவன், 34 மாதம். லாக்கர் கதவின் உட்பக்கம் நாள் எண்ணிக் கோடு போடுவான். முடிந்த மறுநாள் ஆள் இல்லை.

கிம்ஹேத் தம்பி, நீங்களும் அவசரப்பட்டு விலகிவிடாதீர்கள். எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஈ-9 விசாவில் ஒரு வரி அனுப்பிவிட்டுப் போக முடியாது. முதல் மூன்று வருடத்தில் மூன்று தடவைதான் மாறலாம், அதுவும் பெரும்பாலும் முதலாளி சம்மதித்தால். சொல்லாமல் போனால் விசாவே போகும். சம்பளச் சீட்டையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். ஓவர்டைம் மணியைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள். வேலையை விட்டதற்குக் கிடைக்கிற டோய்ஜிகும் பணம் ஒரு வருடம் முடிந்தால்தான். 11 மாதத்தில் கிளம்பி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், கொரியன் படியுங்கள்.

கிம்ஹே_மட்டக்களப்பான்
அண்ணே, நான் விலகுவதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவன் விட்டுப்போன சப்பாத்து கொரிய அளவில் 260, எனக்குச் சரி. என்னுடையது அடி தேய்ந்துவிட்டது என்று சாஜங்னிம் அதைப் போடச் சொன்னார். இன்று காலையிலிருந்து போட்டிருக்கிறேன்.