டிவிஷன், கான்பரன்ஸ்: ஐஸ் ஹாக்கிக் கையேட்டுக்குச் சொல் தேவை

வணக்கம். டொராண்டோவில் புதிதாகக் குடியேறிய தமிழர்களுக்கு ஐஸ் ஹாக்கிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 32 அணிகள். கிழக்கு, மேற்கு என இரண்டு கான்பரன்ஸ். ஒவ்வொன்றிலும் எட்டெட்டு அணிகளாக இரண்டு டிவிஷன். இரண்டு அடுக்குக்கும் சொல் வேண்டும். பழைய வரைவில் "கிழக்கு மாநாடு" என்று இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

---

டிவிஷனுக்குத் "திணை" இருக்க வேறு சொல் எதற்கு? நிலம் பார்த்துத்தானே சேர்க்கிறார்கள்? பசிபிக், அட்லாண்டிக் டிவிஷன் இரண்டும் நெய்தல்.

---

> இரண்டும் நெய்தல்

ஐயா, அட்லாண்டிக்கில் டெட்ராய்ட் இருக்கிறது. அங்கே ஏது கடல்? கடலே இல்லாத டல்லஸ் 1998 முதல் 2013 வரை பசிபிக் டிவிஷனில் ஆடியது. 2011இல் அட்லாண்டா அணி கனடாவின் நடுவிலுள்ள வினிபெக்குக்குக் குடிபெயர்ந்த பிறகும் இரண்டு பருவம் தென்கிழக்கு டிவிஷனிலேயே கிடந்தது. எந்த உரையாசிரியர் வந்து இதற்கு அமைதி சொல்வார்?

---

முதற்பொருள் நிலம் மட்டுமா? பொழுதும்தானே! டெட்ராய்ட் கிழக்கு நேரத்தில் ஓடும் ஊர். கலிபோர்னியாவில் மாலை ஏழரைக்கு ஆட்டம் என்றால் டெட்ராய்டில் இரவு பத்தரை. 2013இல் அந்த அணியை மேற்குக் கான்பரன்ஸிலிருந்து கிழக்குக்கு மாற்றினார்கள். பொழுது பார்த்த திணை அது.

---

1993 வரை ஆடம்ஸ், பாட்ரிக், நாரிஸ், ஸ்மைத் என்று ஆள் பெயர்தான் டிவிஷனுக்கு. அப்போது திணை எங்கே போயிருந்தது? சோழர் காலத்து நிலப்பிரிவான "கூற்றம்" இருக்கிறது, கூறு என்பதிலிருந்து. அதையே எடுக்கலாம்.

---

கூற்றம் என்றால் எமன் என்றும் பொருள். எங்கள் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடவே இல்லை. டொராண்டோக்காரர் கையில் இந்தச் சொல்லையா கொடுப்பது?

தெற்கு ரயில்வே ஒரு மண்டலம், அதற்குள் மதுரைக் கோட்டம். அச்சில் பழகிய சொற்கள். மண்டலம், கோட்டம் போதும்.

---

கோட்டம் சரி. ஆனால் இங்கே படிக்கப் போகிறவர்களில் பாதிக்கு மேல் ஈழத்தவர். எங்களுக்குக் கல்வி வலயம், அதற்குள் கோட்டம். "மண்டலம்" எதற்கு? "கிழக்கு வலயம்" என்று போடுங்கோ.

---

வலயம் வடசொல்.

---

மண்டலம் மட்டும் என்னவாம்?

---

எதுவானாலும் என் வகுப்புப் பிள்ளைகள் டிவிஷன் என்றுதான் சொல்லப் போகிறார்கள். அடைப்புக்குறிக்குள் அதையும் போடுங்கள்.

---

நன்றி. "கோட்டம் (டிவிஷன்)" உறுதி. வலயம், மண்டலம் சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை. வாசகர் பக்கம் நின்று "வலயம்" என்றே அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள். 2020–21இல் எல்லை மூடியபோது கனடாவின் ஏழு அணிகளையும் ஒரே டிவிஷனில் போட்டார்களே, அதையாவது திணை என்று ஒப்புக்கொள்ளலாம். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.