ரேடியோ, ஏசி பேனல் ரெண்டையும் நாமே கழற்ற முடியுமா?

இரவுப்பயணி:
என் கார் கொஞ்சம் பழசு. ஏசி பேனலில் மூன்று நாப் இருக்கிறது: காற்றின் வேகத்துக்கு ஒன்று, சூடு-குளிருக்கு ஒன்று, காற்று எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதற்கு ஒன்று. அதற்குப் பின்னால் எரியும் விளக்கு அணைந்துவிட்டது. இரவில் தடவித்தான் திருப்புகிறேன். ரேடியோவும் அதே ஃபிரேமுக்குள், ஏசி பேனலுக்கு மேலே இருக்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு சின்ன ஓட்டைகள். வெளியே ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணில் படவில்லை.

எங்கே ஆரம்பிப்பது? பேனலைக் கழற்றினால் ஏசி கேஸ் போய்விடுமா? ஏர்பேக் பக்கத்தில் கை வைக்கவும் பயமாக இருக்கிறது. கையில் ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்கிறது, பொறுமையைத்தான் எங்காவது கடன் வாங்க வேண்டும்.

பழைய ஸ்பேனர்:
கேஸ் பயம் வேண்டாம் தம்பி. கேஸ் போற குழாய் எதுவும் அந்த பேனல்ல இல்ல. குளிர்ற காயில் டேஷ்போர்டுக்கு உள்ள தனிப் பெட்டியில மூடிக் கிடக்கு. நீ தொடப்போறது சுவிட்ச், ரெண்டு மூணு கேபிள், ஒரு பல்பு. அவ்வளவுதான்.

டூல் எடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை இருக்கு. ரேடியோவுக்குள்ள சிடி இருந்தா எடுத்துடு. கரண்ட் போய் வந்தா கோட் நம்பர் கேக்கிற ரேடியோவான்னு பாரு. அப்படின்னா வண்டியோட வந்த புத்தகத்துலயோ அட்டையிலயோ நம்பர் இருக்கும், அதை முதல்ல தேடி எடு. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு, கியர் லீவரைப் பின்னால தள்ளு. அப்பத்தான் ஃபிரேம் வெளிய வர இடம் இருக்கும். ஆட்டோமேட்டிக்னா பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுடணும். கரண்ட் இல்லன்னா நிறைய வண்டியில லீவர் ‘பி’யை விட்டு அசையாது. சூடு-குளிர் நாப்பைக் குளிர் பக்கம் முட்டுற வரைக்கும் திருப்பி வை, ஏன்னு கீழ சொல்றேன்.

அப்புறம் சாவியை ஆஃப் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. பாசிட்டிவ்ல ஸ்பேனர் வச்சிருக்கும்போது மறுமுனை பாடியில பட்டா ஷார்ட் ஆயிடும். நெகட்டிவ் ஏற்கெனவே பாடியோட சேர்ந்ததுதான், பட்டாலும் ஒண்ணும் ஆகாது. கழட்டின கையோட டேஷ்போர்டுக்குப் போயிடாதே. விபத்துல பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரியணும்னு அதோட யூனிட்டுக்குள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும். அது வடியணும். எவ்வளவு நேரம்னு சர்வீஸ் புத்தகத்துல போட்டிருப்பாங்க. நான் 10 நிமிஷம் விட்டுடுவேன். மஞ்சள் கனெக்டர் எதைப் பாத்தாலும் ஏர்பேக் லைன்னே வச்சுக்கோ, தொடாதே.

அந்த நாலு ஓட்டைக்கு யூ வடிவத்துல ரெண்டு கம்பிச் சாவி கிடைக்கும். 180க்கு 50 மி.மீ. முகப்பு உள்ள பழைய ‘டின்’ ரேடியோ பலதுக்கும் அதேதான். டிக்னு சத்தம் கேக்கிற வரைக்கும் நேரா உள்ள தள்ளி, லேசா வெளிப்பக்கம் விரிச்சு, ரெண்டு கையாலயும் ஒரே சீரா இழு. ஏரியலை ஒயரைப் பிடிச்சு இழுக்காம பிளக்கைப் பிடிச்சு இழு. மத்த சாக்கெட்டுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கும், அமுக்கினா வந்துடும்.

ரேடியோ போன பொந்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. ஃபிரேமைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். இல்லன்னா ஆஷ்ட்ரேக்குப் பின்னாடியோ, நாப்புக்குப் பின்னாடியோ இருக்கும். நிறைய வண்டியில நாப் நேரா இழுத்தாலே வந்துடும். கியர் பக்கம் ஒரு துணி விரிச்சுக்கோ. உள்ள விழுந்த ஸ்க்ரூவைத் தேடுற வேலை மொத்த வேலையை விடப் பெருசு. ஃபிரேமை நெம்ப இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் டிரிம் டூல் போதும். ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோ. எல்லாம் வந்து ஒரு மூலை மட்டும் அசையலைன்னா அங்க இன்னொரு ஸ்க்ரூ இருக்குன்னு அர்த்தம். பிளாஸ்டிக் உடையறது அந்த இடத்துலதான்.

இப்ப முக்கியமான இடம். ஏசி பேனலை நாலு விரல் அளவுக்கு மேல வெளிய இழுக்காதே. உன்னோட மாதிரி நாப் வச்ச வண்டியில பின்னால சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி கேபிள் போகும், அது கூட நீளம் விட்டிருக்க மாட்டாங்க. அந்த இடைவெளியிலயே கை விட்டு பல்பு ஹோல்டரைத் திருப்ப முடிஞ்சா கேபிளைக் கழட்டவே வேண்டாம். கால் சுற்று திருப்பினா ஹோல்டர் வந்துடும். கழட்டித்தான் ஆகணும்னா முதல்ல போட்டோ எடு, எந்த கேபிள் எந்தப் பக்கம்னு டேப் ஒட்டு, மேலுறையைப் பிடிச்சிருக்கிற கிளிப் எந்த இடத்துல கடிச்சிருக்குன்னு மார்க்கரால கோடு போடு. திரும்ப மாட்டும்போது நாப்பும் குளிர் பக்கம் முட்டியிருக்கணும், உள்ள ஹீட்டர் சூட்டைத் திறந்து மூடுற சின்னக் கதவும் முட்டியிருக்கணும். அதுக்காகத்தான் முதல்லயே திருப்பி வைக்கச் சொன்னேன். கிளிப் கொஞ்சம் தள்ளி உக்காந்தா கதவு முழுசா மூடாது, ஹீட்டர் சூடு கலந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஏசி குளிரலைன்னு கேஸ் அடிக்கப் போவாங்க, அதுவும் நடக்கிறதுதான்.

கம்பிவடம்:
பழைய ஸ்பேனர் அண்ணே, பல்பு மாத்த பேட்டரி வரைக்கும் போகணுமா? ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கினால் போதாதா? கடிகாரம், ஜன்னல் கண்ணாடி ஆட்டோ செட்டிங் எல்லாம் அழிந்துபோகும்.

இன்னொன்று, டிஜிட்டல் ஏசி பேனல் உள்ளவர்களுக்காக: அதில் பெரும்பாலும் கேபிள் இருக்காது, கதவுகளை மோட்டார் திருப்பும். பேனல் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஃபால்ட் கோட் பதிவாகும். சில வண்டிகளில் பேனல் முகப்பில் சின்னச் சல்லடை மாதிரி இருக்கும். உள்வெப்பம் பார்க்கும் சென்சார் அதற்குப் பின்னால்தான். அதில் மெல்லிய குழாய் மாட்டியிருந்தால் திரும்பப் போடும்போது விட்டுவிடாதீர்கள், ஆட்டோ மோடு தாறுமாறாக ஓடும்.

பழைய ஸ்பேனர்:
சென்சார் குழாய் நல்ல பாயிண்ட். ஃபியூஸ் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அதே ஃபிரேம்ல ஹசார்டு சுவிட்ச், லைட்டர் சாக்கெட் எல்லாம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஹசார்டுக்கு சாவி எடுத்தாலும் கரண்ட் வரும். கண்ணாடி செட்டிங் போனா, நிறைய வண்டியில முழுசா ஏத்திட்டு சுவிட்சைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா திரும்ப வந்துடும். அதுக்குப் பயந்து ஏர்பேக் பக்கத்துல கரண்டோட வேலை செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

இரவுப்பயணி:
சார், கழற்றிவிட்டேன்! ஃபிரேம் ஸ்க்ரூ நீங்கள் சொன்னபடி ரேடியோ பொந்துக்குள்தான் இருந்தது. கேபிளைத் தொடவே இல்லை. பழைய பல்பு கண்ணாடி அடி உள்ள சின்னது, 12 வோல்ட், 1.2 வாட், டி5. அதற்குப் பதில் எல்இடி போட்டேன். பேட்டரியை மாட்டி இக்னிஷன் போட்டேன், எரியவில்லை. ரேடியோவும் முழுசாக உள்ளே போகாமல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பழைய ஸ்பேனர்:
பார்க் லைட் போட்டியா? அந்தப் பல்பு பெரும்பாலும் அதோடதான் எரியும். போட்டும் எரியலைன்னா எல்இடியை ஹோல்டர்லேர்ந்து பிடுங்கித் திருப்பிச் சொருகு; பழைய பல்புக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, இதுக்கு உண்டு. பழைய பல்பு மேல பச்சையாவோ நீலமாவோ ரப்பர் உறை இருந்திருந்தா, அது எல்இடில ஏறாது. வெள்ளையா எரிஞ்சா அதனாலதான்.

ரேடியோவைத் தள்ளாதே. பின்னால ஒயர் சுருண்டு நிக்குது. வெளிய எடு. பல்பு எரியுதான்னு பாத்து ஃபிரேமை மூடிட்டு, ஒயர் கட்டைப் பொந்தோட அடிப்பக்கமா இறக்கிவிட்டு அப்புறம் ரேடியோவை நுழை.