கம்பளி யானையும் காரைக்குடித் தராசும்

பள்ளத்தூர்க்காரன்:
சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தப்ப குடுத்த காசு இது. கானா நாடு 2019-ல விட்டது. ஒரு பக்கம் நாட்டுச் சின்னம், மறுபக்கம் பனியுகத்து யானையான மாமூத், உடம்பு பூரா ரோமத்தோட. முகமதிப்பு 5 சேடிதான் (கானா நாட்டுப் பணம்), ஆனா அதை யாரும் பாக்குறதில்ல. உள்ளே இருக்கிற 1 அவுன்ஸ் 999 வெள்ளிதான் (99.9 சதவீதம் சுத்தம்) மதிப்பு.

காரைக்குடியில பழக்கமான வெள்ளிக்கடைக்கு எடுத்துட்டுப் போனேன். விக்க இல்ல, சும்மா எடை பாக்க. விளிம்பைப் பிடிச்சுத் தராசுல வச்சேன், 31.1 கிராம்ல நின்னுச்சு. (28.35 கிராம்ங்கிறது சாதா அவுன்ஸ். வெள்ளி, தங்கத்துக்கு 31.1 கிராம் உள்ள டிராய் அவுன்ஸ்.) கடைக்காரர் எண்ணைப் பாக்காம காசையே பாத்துட்டு இருந்தார்.

"என்னண்ணே, ஆனைக்கு இவ்வளவு முடி?"

"அழிஞ்சுபோன சாதி. குளிர் தேசத்து ஆனை."

"சரி, டச் என்ன?"ன்னு வெள்ளியோட சுத்தத்தைக் கேட்டுக்கிட்டே உரைகல்லைக் கிட்ட இழுத்தார். நான் டக்குனு காசை டப்பாவுல போட்டு மூடிட்டேன். சிரிச்சுட்டார். "உருக்குனா ஆனையும் ஒண்ணுதான், பூனையும் ஒண்ணுதான். படத்துக்கு நான் எப்படிண்ணே காசு தர்றது?"

நியாயமான பேச்சு. இந்த மாதிரிக் காசுக்கு வெள்ளி விலைக்கு மேல நாம குடுக்கிறது இன்னொரு சேகரிப்பாளர்கிட்டதான் திரும்ப வரும், தராசுல வராது. அதே மனுஷன்கிட்ட பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயை நீட்டினா வருஷத்தைப் பாத்தே சொல்லிடுவார்: 1939 வரைக்கும் 11.66 கிராம்ல 91.7 சதவீதம் வெள்ளி, 1940-ல இருந்து பாதிதான். நம்ம ஊர்ல பெட்டகம் பெட்டகமா அது இருந்திருக்கு. மாமூத் யார் வீட்டுச் சீர்லயும் வந்ததில்லையே!

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்க வீட்டுக் கதை வேற. புதுசா வந்த டைனோசர் காசுல வெள்ளையா பால் தெறிச்ச மாதிரி ஒரு புள்ளி. அப்பத்தா பாத்துட்டு, "பல்லி படம் போட்ட காசு, அதுலயும் கறையா? புளியைப் போட்டுத் தேச்சுத் தாரேன், குடுடி"ன்னாங்க. குத்துவிளக்கு தேய்க்கிற கை அது, அரை நிமிஷத்துல தோல் உரிச்சிருப்பாங்க. ஒளிச்சு வச்சுட்டேன். மில்க் ஸ்பாட்டுன்னு சொல்ற இந்தப் புள்ளி, புது வெள்ளிக் காசு பலதுலயும் வர்ற தலைவலி. கனடா நாணயச்சாலை 2018-ல இதுக்குன்னே மிண்ட்ஷீல்டுன்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க. தேய்ச்சா புள்ளி போகுதோ இல்லையோ, பளபளப்பு போயிடும். கறுத்தாலும் அப்படியே விடுங்க.

தேவகோட்டை, இப்ப லண்டன்:
என்கிட்ட இருக்கிறது பிரிட்டனோட 2020 ஐம்பது பென்ஸ் டைனோசர் காசு, வெள்ளியில அடிச்சது, மூணும். மெகலோசாரஸ், இகுவானோடன், ஹைலியோசாரஸ். ஏன் இந்த மூணுன்னா, 1842-ல ரிச்சர்ட் ஓவன் இவற்றை வச்சுத்தான் டைனோசர்ங்கிற பேரையே உண்டாக்கினார். அடுத்த வருஷம் மேரி ஆனிங்குக்கும் மூணு காசு விட்டாங்க. கடலோரத்துல எலும்பு பொறுக்கியே அறிவியலை மாத்தின அம்மா. ஆனா இந்த வெள்ளிக் காசெல்லாம் 925 (92.5 சதவீதம் வெள்ளி), எடை 8 கிராம். முதலீடுன்னு யாரும் வாங்காதீங்க. வரைஞ்ச கை பிடிச்சா வாங்குங்க.

காரைக்குடி ராவுத்தர் பேரன்:
பள்ளத்தூர் அண்ணே, உரைகல் வேண்டாம்னா தண்ணியில பாருங்க. சின்னத் தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு எண்ணைப் பூஜ்யமாக்குங்க. காசை மெல்லிசு நூல்ல கட்டி, அடியில படாம, பக்கத்துல இடிக்காம முழுசா முக்குங்க. அவுன்ஸ் வெள்ளின்னா 3 கிராம் பக்கம் காட்டும், சரியாச் சொன்னா 2.96. செம்பு மேல பூச்சுன்னா 3.4-க்கு மேல ஏறிடும். காந்தத்தை மட்டும் நம்பாதீங்க, செம்பும் ஒட்டாது.

பள்ளத்தூர்க்காரன்:
பாத்தாச்சு தம்பி, 2.97. துடைக்காம பஞ்சுத்துணி மேல வச்சுக் காயவிட்டு டப்பாவுல போட்டாச்சு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில ஒருத்தர் இதுக்குப் பதிலா பிரிட்டிஷ் டிரேட் டாலர் (ஆசிய வியாபாரத்துக்குன்னு அடிச்ச பழைய வெள்ளிக் காசு) தர்றேங்கிறார். 26.95 கிராம், 90 சதவீதம். வெள்ளிக் கணக்குல எனக்கு நஷ்டம், ஆனா மலாயாவுல கொண்டுவித்த (வியாபாரம் பண்ணின) அய்யா காலத்துக் காசு. வருஷம் 1895-ன்னு இருக்கு. மாத்தலாமா, யாராவது சொல்லுங்க.