பிளேஸ்டேஷனில் நாஸ் பெட்டி தெரியவில்லை, அவசர உதவி தேவை

மாடிவீடு:
வணக்கம். நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருக்கும் வீடியோக்களைப் பிளேஸ்டேஷன் வழியாக டிவியில் பார்த்துவந்தோம். இப்போது ஓடவில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். மடிக்கணினியில் நாஸ் நன்றாகவே திறக்கிறது, ஆகவே நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று நகல் என்பதால் அதிலும் கோளாறு இருக்க முடியாது. ஞாயிறு அன்று மாமனார் வீட்டார் வருகிறார்கள், கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

தறிநூல்:
எந்தப் பிளேஸ்டேஷன்? 3, 4, 5? ஐந்து என்றால் தேட வேண்டியதே இல்லை. டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் வீடியோவைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) சர்வரைத் திறக்கும் மீடியா பிளேயர் அதில் கிடையாது. பிளெக்ஸ் போன்ற செயலியைத்தான் நாட வேண்டும்.

ஒலிப்பித்தன்:
டிடிஎஸ் ஒலிதான் காரணம். பிளேஸ்டேஷன் 4இன் மீடியா பிளேயர் எம்கேவி கோப்பில் எம்பி3, ஏஏசி, ஏசி3 ஆகிய மூன்று ஒலி வகைகளைத்தான் ஏற்கும். கோப்பை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

குளத்தங்கரை:
"ஓடவில்லை" என்றால் எது? படம் வரவில்லையா, ஒலி வரவில்லையா, பட்டியலே வரவில்லையா? கம்பியா, வைஃபையா? முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4இல் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. புளூ-ரே அளவுக் கோப்பு நொடிக்கு 40 மெகாபிட் வரை கேட்கும், அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலில் அது திணறும். கம்பி போடுங்கள்.

மூத்தவன்:
மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்கும் கூட்டம் பெருகிவிட்டது. கருவியின் பெயர் இல்லை, கோப்பின் வகை இல்லை, திரையில் என்ன வருகிறது என்றும் இல்லை. இதற்கு மூன்று பேர் மருந்தும் எழுதிவிட்டீர்கள். அது கிடக்கட்டும். "ஒன்றுக்கொன்று நகல், ஆகவே கோளாறு இருக்க முடியாது" என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். அது காப்புப் பிரதி ஆகாது.

கரிசல்மண்:
ஐயா, அவர் கேட்டது வேறு. வீட்டு வீடியோவுக்கு இரண்டு டிஸ்க் போதும். ஆறு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு கோப்பும் போனதில்லை.

மூத்தவன்:
இதுவரை போனதில்லை. கோடையில் உங்கள் ஊரில் மின்சாரம் எப்படி வந்து போகிறது என்று எனக்கும் தெரியும் தம்பி. யுபிஎஸ் இல்லாத பெட்டியில் ஒரு மின்வீச்சு போதும், இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும்.

கரிசல்மண்:
யுபிஎஸ் இருக்கிறது. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

தறிநூல்:
இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளலாமே. மாடிவீடு, எங்கே போனீர்கள்?

மாடிவீடு:
மன்னிக்கவும், அலுவலக வேலை. பிளேஸ்டேஷன் 4. கம்பிதான். மீடியா பிளேயரைத் திறந்தால் நாஸ் பெயரே வருவதில்லை. முன்பு வந்தது. கைப்பேசியிலும் வருகிறது.

ஒலிப்பித்தன்:
கோப்பு டிடிஎஸ் ஆக இருந்தால்

தறிநூல்:
அண்ணா, பெயரே வரவில்லை என்கிறார். கோப்பு வரை போகவே இல்லை.

குளத்தங்கரை:
முன்பு வந்தது என்றால், நடுவில் என்ன மாறியது?

மாடிவீடு:
எதுவும் மாறவில்லை. மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்தோம், அவ்வளவுதான். அதனால் இணைய வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தறிநூல்:
அகப்பட்டது. பிளேஸ்டேஷன் மாடியில், நாஸ் கீழே பழைய ரவுட்டரில். சரியா? அமைப்புகளில் நெட்வொர்க், அதில் இணைப்பு நிலை என்று பாருங்கள், ஐபி முகவரி இருக்கும். நாஸ் முகவரியையும் சேர்த்துப் போடுங்கள்.

மாடிவீடு:
பிளேஸ்டேஷன் 192.168.0.104. நாஸ் 192.168.1.20.

தறிநூல்:
மூன்றாவது எண் வேறாக இருக்கிறது பாருங்கள். புது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க் அமைத்துக்கொண்டுவிட்டது. மீடியா பிளேயர் சர்வரைத் தேடும்போது 239.255.255.250 என்ற முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில், "யாராவது இருக்கிறீர்களா" என்று பொதுவாக ஓர் அழைப்பு விடும். வீட்டு ரவுட்டர்கள் அந்த அழைப்பை ஒரு நெட்வொர்க்கிலிருந்து மற்றதற்குக் கடத்துவதில்லை. கீழே இருக்கும் நாஸ் காதில் அது விழவே இல்லை.

கரிசல்மண்:
அப்படியானால் மடிக்கணினியில் மட்டும் எப்படித் திறக்கிறது? மாடியில்தானே அதையும் வைத்திருக்கிறார்?

தறிநூல்:
நல்ல கேள்வி. மாடிவீடு, மடிக்கணினியில் நாஸ் முகவரியைத் தட்டித்தானே திறக்கிறீர்கள்? முகவரி தெரிந்தால் மேலிருந்து கீழே போகலாம், புது ரவுட்டருக்குப் பழையதுதான் வெளியுலகம். தேடுவதற்குத்தான் வழி இல்லை. பிளேஸ்டேஷன் மீடியா பிளேயரில் முகவரியைத் தட்ட இடமே கிடையாது, தானாகக் கண்டதை மட்டும் காட்டும். கைப்பேசி அநேகமாகக் கீழ்வீட்டு வைஃபையில் இருக்கும், அதனால் அதற்குத் தெரிகிறது.

மூத்தவன்:
இதைத்தான் நான் முதலிலேயே எதிர்பார்த்தேன்.

கரிசல்மண்:
எதிர்பார்த்ததைச் சொல்லியிருக்கலாமே ஐயா. டிஸ்க்கைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தீர்கள்.

குளத்தங்கரை:
நாஸ் பெட்டியைத் தூக்கி மாடி ரவுட்டரில் செருகிவிட்டால் முடிந்தது.

தறிநூல்:
பிறகு கீழே இருக்கும் கைப்பேசிகளுக்குத் தெரியாது, மறுபடி ஓர் இழை தொடங்குவார். புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் முறை (தனி நெட்வொர்க் அமைக்காமல் பழையதையே நீட்டிக்கும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முதலில் அதன் முகவரியை 192.168.1 வரிசையில் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண்ணாக மாற்றுங்கள், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள், பிறகு கீழிருந்து வரும் கம்பியை வேன் (WAN, வெளி இணைப்பு) துளையிலிருந்து எடுத்து லேன் (LAN, வீட்டுக் கருவிகள்) துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் கம்பியை மாற்றாதீர்கள், வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்கினால் இருக்கிற இணையமும் போகும். கடைசியாகப் பிளேஸ்டேஷனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மூத்தவன்:
டிஎல்என்ஏவை வளர்த்த அமைப்பே 2017இல் கலைந்துவிட்டது. இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை நிறுவி, உலாவியில் பாருங்கள்.

குளத்தங்கரை:
அமைப்பு கலைந்தால் நெறிமுறை செத்துவிடுமா? என் வீட்டு டிவி தினமும் அதில்தான் ஓடுகிறது. ஞாயிறுக்குள் அவர் ஜெல்லிஃபின் படித்து முடிக்க வேண்டுமா?

மாடிவீடு:
ஆக்சஸ் பாயிண்ட் முறை இருந்தது. நாஸ் பெயர் வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி. ஒரு வீடியோவில் மட்டும் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

ஒலிப்பித்தன்:
டிடிஎஸ்!! முதலிலேயே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இருந்தால் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் 640 கிலோபிட் ஏசி3 ஆக மாற்றுங்கள். படத்தின் தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது.

மூத்தவன்:
கல்யாண வீடியோவில் டிடிஎஸ் எங்கிருந்து வந்தது? ஸ்டுடியோக்காரர் சுருக்காத பிசிஎம் ஒலியாகக் கொடுத்திருப்பார். அதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒலிப்பித்தன்:
சத்தமில்லாதது கல்யாண வீடியோ என்று அவர் எங்கே சொன்னார்?

மூத்தவன்:
டிடிஎஸ் என்றும் சொல்லவில்லை.

தறிநூல்:
எதுவானாலும் ஏசி3 ஆக மாற்றினால் ஓடும். மாடிவீடு, எது என்று ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் இவர்கள் தூங்க மாட்டார்கள்.

ஒலிப்பித்தன்:
ஞாயிறும் போய்விட்டது. கோப்பில் வலது பொத்தானை அழுத்தி விவரம் பார்த்தால் போதும். டிடிஎஸ்தானே?