ஸ்விங் எம்விசி: டாகுமென்ட்லிசனருக்குள் செட்டெக்ஸ்ட் போட்டால் எக்செப்ஷன் ஏன்?

கேள்வி:
ஜாவா ஸ்விங்கில் (ஜன்னல், பெட்டி போன்றவற்றைக் காட்டும் லைப்ரரி) எம்விசி முறையில், அதாவது தரவை வைக்கும் மாடல், திரையில் காட்டும் வியூ, இரண்டையும் இணைக்கும் கன்ட்ரோலர் என்று பிரித்து எழுதிய செல்சியஸ் – ஃபாரன்ஹீட் கன்வெர்ட்டர். மாடலில் செல்சியஸ் மட்டும் டபுளாக இருக்கிறது. மாறினால் பிராப்பர்ட்டிசேஞ்ச்சப்போர்ட் (மாற்றத்தை லிசனர்களுக்கு அறிவிக்கும் கிளாஸ்) வழியாக வியூவுக்குச் சொல்லும். வியூவில் இரண்டு ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட் (எழுத்துப் பெட்டி), இரண்டிலும் எழுத்து மாறும்போதெல்லாம் ஓடும் டாகுமென்ட்லிசனர். கன்ட்ரோலர் மதிப்பை வாங்கி மாடலில் போடுகிறது. ஒரு எண்ணைத் தட்டியதுமே இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் வருகிறது. பழைய மதிப்பும் புதியதும் ஒன்றானால் மாடல் அறிவிக்காது, அப்படியும் நிற்கவில்லை.

பதில் 1:
ஸ்டாக் டிரேஸைக் கீழிருந்து மேலே படியுங்க. செல்சியஸ் பெட்டியில் தட்டுறீங்க, லிசனர் ஓடுது, மாடல் மாறுது, வியூ இரண்டு பெட்டியிலும் செட்டெக்ஸ்ட் போட்டுப் புது எழுத்தை வைக்குது. ஆனா செல்சியஸ் பெட்டியோட டாகுமென்ட் (அதன் எழுத்தை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) இன்னும் அறிவிப்பை முடிக்கல. அந்த நேரத்தில் அதை மாற்ற ஸ்விங் விடாது.

சமமா என்று பார்ப்பதும் இங்கே உதவாது. 20.3 செல்சியஸ் என்றால் 68.54 ஃபாரன்ஹீட். ஒரு தசமத்தோடு 68.5 என்று காட்டினால், அந்தப் பெட்டியின் லிசனர் அதைத் திருப்பிக் கணக்கிட்டு 20.28 ஆக்கிவிடும். மாடலைப் பொறுத்தவரை அது புது மதிப்பு, மறுபடி அறிவிக்கும்.

இன்னொன்று: ஏற்கெனவே எழுத்து இருக்கும் பெட்டியில் செட்டெக்ஸ்ட் போட்டால் முதலில் அழிப்பு, பிறகு சேர்ப்பு என்று இரண்டு நிகழ்வு வரும். அழித்த கணத்தில் பெட்டி காலி; எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்டபுள் அங்கே நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் கொடுக்கும்.

பதில் 2:
சரி செய்ய இரண்டு விஷயம் வேணும். வியூவில் ஒரு பூலியன் கொடி வையுங்க. மாடலிலிருந்து வரும் மாற்றத்தை எழுதும் முன் ட்ரூ, ஃபைனலி பிளாக்கில் ஃபால்ஸ். கொடி ட்ரூ என்றால் டாகுமென்ட்லிசனர் உடனே ரிட்டர்ன். ஆனா கொடி மட்டும் போதாது, அறிவிப்பு முடியும் வரை மாற்ற விடாத பூட்டு டாகுமென்டில் இருக்கு. அதனால் ஃபோகஸ் உள்ள பெட்டியைத் தொடவே வேண்டாம். செட்டெக்ஸ்டை இன்வோக்லேட்டரில் (வேலையை ஸ்விங்கின் வரிசையில் பிறகு ஓட வைப்பது) தள்ளினால் எக்செப்ஷன் போகும், ஆனா "20." என்று தட்டும்போதே "20.0" ஆகி கர்சர் கடைசிக்கு ஓடும். எரிச்சல்.

தட்டத் தட்ட மாறியே ஆகணும் என்ற கட்டாயம் இல்லையா? டாகுமென்ட்லிசனரையே எடுத்துவிட்டு ஆக்‌ஷன்லிசனரும் ஃபோகஸ்லிசனரும் போடுங்க. என்டர் அடித்தாலோ பெட்டியை விட்டு நகர்ந்தாலோ மட்டும் ஓடும். செட்டெக்ஸ்ட் இரண்டையும் கிளப்பாது. என் ஓட்டு இதற்குத்தான்.

கேட்டவர்:
இரண்டாவது வழியில் ஓடுகிறது, நன்றி. ஆனால் டயலாக்கை மூடி மறுபடி திறந்தால் பழைய வியூவின் அப்டேட்டும் சேர்ந்து ஓடுகிறது. ரிமூவ்பிராப்பர்ட்டிசேஞ்ச்லிசனர் போட்டிருக்கிறேனே?

பதில் 3:
சேர்க்கும்போதும் நீக்கும்போதும் தனித்தனியாக மெத்தட் ரெஃபரன்ஸ் (மெத்தட் பெயரையே லிசனராகக் கொடுப்பது) எழுதியிருப்பீங்க. ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் உருவாகும். பட்டியலில் இல்லாததை நீக்கச் சொன்னால் எந்தப் பிழையும் காட்டாமல் சும்மா இருந்துவிடும். லிசனரை ஒரு ஃபைனல் ஃபீல்டில் வைத்து, இரண்டு இடத்திலும் அதையே கொடுங்க. லிசனரை நீக்காமல் டயலாக்கை டிஸ்போஸ் மட்டும் செய்தால் மாடல் பழைய வியூவை விடாது, தேவையில்லாத ஆப்ஜெக்டை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டரும் அதைத் தொடாது. மாடல் வேறு த்ரெட்டில் மாறுவதாக இருந்தால் வியூவின் அப்டேட்டை இன்வோக்லேட்டருக்குள் போடுங்க. இன்வோக்லேட்டருக்குச் சரியான இடம் அதுதான். மாற்றத்தை அறிவிக்க பழைய அப்சர்வபிள் கிளாஸ் பக்கம் போகாதீங்க, ஜாவா 9-லேயே அதை டெப்ரிகேட் செய்தாச்சு (இனி பயன்படுத்தாதீங்க என்று குறித்தாச்சு).