விதையில வந்த எலுமிச்சைக் கன்னு, இலையெல்லாம் சுருளுது

பொள்ளாச்சிக்காரி:
ஏனுங்க, மொட்டைமாடில தொட்டில எலுமிச்சங்கொட்டை போட்டு நாலஞ்சு கன்னு வந்துச்சுங்க, இப்ப கொழுந்து இலையில வெள்ளி கோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடி சுருண்டுக்குது, ரெண்டு இலைய ஏதோ கடிச்சும் வெச்சிருக்குது. மருந்து அடிக்கோணுமா? காய்க்க எத்தன வருசமாகும்?

கோபி தோட்டம்:
கோடு போடறது இலைத்துளைப்பான் புழுங்க, இலைத் தோலுக்குள்ளயே இருந்து தின்னும். சுருண்ட இலைய கிள்ளி தூரப் போட்டுருங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரமா அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகிரும். கொழுந்து வர்றப்பதான் அதோட தாய் அந்துப்பூச்சி முட்டை வெக்கும், அப்ப கவனமா பாக்கோணும்.

அவிநாசி அக்கா:
கடிக்கறது எலுமிச்சை பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கும் கண்ணு. சின்னதுல காக்கா எச்சமாட்டவே இருக்கும், பெருசானா பச்சையாயிரும். கையில எடுத்துப் போட்டாப் போதும். பக்கத்துல கறிவேப்பிலை இருந்தா அதையும் பாரு, அதுலயும் வரும். எனக்கென்னமோ பட்டாம்பூச்சிய கொல்ல மனசே வராது, வேற பெரிய செடில எடுத்து உட்டுருவேன்.

கோபி தோட்டம்:
எறும்பு ஏறுதான்னும் பாருங்க, ஏறுனா அசுவினி, அதாவது சாறு உறிஞ்சற சின்னப் பூச்சி, இருக்கலாம்.
காய்ப்புக்கு விதைக்கன்னு அஞ்சாறு வருசம் இழுக்கும், ஒட்டுக்கன்னுனா மூணு வருசத்துல பூ வரும். ஆனா எலுமிச்சை ஒரே கொட்டையில ரெண்டு மூணு முளை விடும், அதுல பெரும்பாலும் தாய்மரம் மாதிரியேதான் வரும், அதனால தைரியமா வளத்துங்க. அடுத்தவாட்டி கொட்டைய காய வெக்காம பழத்துல இருந்து எடுத்ததும் ஊனிப்போடுங்க, காஞ்சா முளைப்பு கொறஞ்சுரும்.

பொள்ளாச்சிக்காரி:
ரொம்ப நன்றிங்க, இன்னைக்கு சாயந்திரமே வேப்பெண்ணெய் அடிச்சுடறேன்.